தங்கம் சிஸ்டரைப் போகவிடாத கம்பி

அதிகாரி தொப்பியைக் கழற்றி என் மேசைமேல் வைத்தார். அதன் விளிம்பிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டி, என் மத்தியானச் சோற்றுத் தூக்குவாளியின் மூடியில் டக் டக்கென்று விழுந்தது. வாளியை நகர்த்தவும் பயம்.

"லீடர் கோன் ஹை?" என்றார். தலைவன் யார் என்று கேட்கிறார்.

"லீடர்னு யாரும் இல்ல சாப்."

"அப்ப ஆரம்பிச்சது யாரு?"

"லைன்ல வந்துச்சு சாப்."

படகுத்துறையில் இறங்கியதிலிருந்து அவர் இதே கேள்வியைத்தான் முகாம் முகாமாகக் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார். எல்லா இடத்திலும் இதே பதில். அவர் கணுக்காலில் அட்டை கடித்த ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. அதைக் கூட அவர் கவனிக்கவில்லை.

"பாம்புன்னா தலையில அடிக்கலாம்" என்றார். "இது கயிறு மாதிரி கிடக்கு. எங்கய்யா அடிக்கிறது?"

அந்த நேரத்தில்தான் எங்கள் நர்ஸ் தங்கம் சிஸ்டர் உள்ளே வந்தார். அவரை ஊரைவிட்டுப் போகவிடாமல் நாங்கள் நிறுத்தி வைத்திருந்ததற்காகத்தான் இந்த விசாரணையே. நனைந்த குடையை வாசலில் சாத்தினார். அதிகாரிக்கு ஒரு வணக்கம் கூட வைக்கவில்லை. நேரே சுவரில் மாட்டியிருந்த டெலிபோனிடம் போய், அதன் கைப்பிடியைப் பிடித்து விடாமல் சுற்றினார்.

அந்த நீட்டு மணிக்கு எங்கள் பக்கம் ஒரே அர்த்தம்தான். எல்லாரும் எடுங்கள்.

அவர் என்ன பேசினார் என்று சொல்வதற்கு முன்னால் நான் கொஞ்சம் சுற்றிக்கொண்டு வர வேண்டும். போன வாரப் பத்தியைக் கப்பலில் தொடங்கி முருங்கைக்காயில் முடித்துவிட்டேன் என்று ஒரு வாசகி குறைப்பட்டு எழுதியிருந்தார். வாஸ்தவம்தான் அம்மா. வாயால் பிழைத்தவன் பேனாவைப் பிடித்தால் இப்படித்தான் இழுக்கும்.

மரத்துக்கு மரம்

நடு அந்தமானில் ரோடு போட்டுக்கொண்டிருந்த காலம். ரங்கத்திலிருந்து தெற்கே, பாராடாங் தீவுக்கு எதிர்க்கரை வரைக்கும் காட்டுக்குள் அங்கங்கே வேலை முகாம்கள். மரம் வெட்டுகிறவர்கள், கல் உடைக்கிறவர்கள், லாரிக்காரர்கள், இவர்களை நம்பி டீக்கடை போட்டவர்கள். எல்லா முகாமையும் சேர்த்து ஒரே ஒரு டெலிபோன் கம்பி. கம்பம் கிடையாது. மரத்துக்கு மரம் பீங்கான் குமிழ் அடித்து இழுத்துக் கட்டியது.

அதில் டிப்போ என்கிற முகாமில் நான் டெலிபோன் பார்க்கிற ஆள். வெட்டிய மரங்களை அடுக்கி வைக்கிற இடம் என்பதால் அந்தப் பேர். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவன் நான். படிப்பு அஞ்சாவதோடு சரி. மீதியெல்லாம் அந்தக் கம்பி சொல்லிக் கொடுத்ததுதான்.

ஒரே கம்பி என்பதால், ஓர் இடத்தில் கைப்பிடியைச் சுற்றினால் எல்லா இடத்திலும் மணி அடிக்கும். ரங்கத்துக்கு இரண்டு நீட்டு. கேலா நாலா முகாமுக்கு ஒரு நீட்டு, ஒரு குட்டை. தனக்கு அடித்த மணியாக இல்லாவிட்டால் எடுக்கக் கூடாது என்பது சட்டம். அந்தச் சட்டத்தை மதித்த ஓர் ஆளை நான் பார்த்ததில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. எடுக்கிறவர்கள் கூடக்கூடக் குரல் மெலியும். இரண்டு பேர் மட்டும் பேசினால் காதுக்குள் உட்கார்ந்து பேசுவது போலிருக்கும். எல்லா முகாமும் எடுத்துவிட்டால் கிணற்றின் அடியிலிருந்து யாரோ கூப்பிடுவது மாதிரி ஆகிவிடும். "என்னப்பா, குரல் இளைச்சுப் போச்சு? எத்தன பேர் கேக்குறீங்க?" என்று ஒரு அதட்டல் போட்டால், நாலைந்து இடத்தில் டொக் டொக்கென்று வைக்கிற சத்தம் வரும். கொஞ்ச நேரத்தில் குரல் மறுபடியும் இளைக்கும்.

மரம் இழுக்கிற யானைகள் அடிக்கடி கம்பியை அறுத்துவிடும். யார் பக்கம் அறுந்ததோ அவர்கள் போய் முடிச்சுப் போட்டுவிட்டு வருவார்கள். போ என்று யாரும் யாரிடமும் சொன்னதில்லை.

இப்போது போர்ட் பிளேரில், குட்வில் எஸ்டேட்டில் மகள் வீட்டு மாடியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அவள் கைபேசியில் ஒரு குழு இருக்கிறது. சமீபத்தில் தண்ணீர் லாரி வரவில்லையென்று இந்தப் பக்கத்துப் பெண்கள் எல்லாரும் காலிக் குடத்தோடு ஓர் ஆபீஸ் வாசலில் போய் நின்றுவிட்டார்கள். மத்தியானம் தண்ணீர் வந்தது. "யாரும்மா உங்க தலைவி?" என்று கேட்டேன். "அதெல்லாம் யாரும் இல்லப்பா. குரூப்புல போட்டாங்க, போனோம்" என்கிறாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எதற்குச் சிரிக்கிறேன் என்று கேட்டாள். அதற்குப் பதில்தான் இந்த வாரம்.

டிப்போவுக்கு வாந்தி

விளக்கேற்றும் நேரத்துக்கு ஆபீஸ் பேச்செல்லாம் ஓய்ந்துவிடும். அப்புறம் கம்பி எங்களுடையது. அரிசி எதுவரைக்கும் வந்தது, எந்த லாரி சேற்றில் மாட்டியது, யாருக்குக் காய்ச்சல், யார் வீட்டுக் கோழி யார் வீட்டில் முட்டையிடுகிறது. லைனின் மொழி இந்தி. ஏழாம் மைலில் மலையாள இந்தி, ஜெட்டி என்கிற படகுத்துறையில் தெலுங்கு இந்தி, கேலா நாலாவில் ராஞ்சிக்காரர் இந்தி. நான் இங்கே தமிழில் எழுதுகிறேனே தவிர, கேட்டது அத்தனையும் கலவைதான்.

பேசுகிறவர் தன் பேரைச் சொல்லக் கூடாது. இடத்தின் பேரைத்தான் சொல்ல வேண்டும். ஆதியில் ஏதோ ஒரு சூப்பர்வைசர் ஏற்படுத்திய வழக்கம். ஆள் மாறிக்கொண்டே இருப்பான், இடம் மாறாது என்பது அவர் கணக்கு. அவரும் மாறிப் போனார். வழக்கம் நிலைத்துவிட்டது. நான் எடுத்தாலும் டிப்போ, என் மனைவி பஞ்சவர்ணம் எடுத்தாலும் டிப்போ.

"ஏழாம் மைல் பேசுறேன். டிப்போவுக்கு இன்னிக்கும் வாந்தியா?" என்று முழுக்கம்பியும் விசாரித்தது பஞ்சவர்ணத்தின் வயிற்றைத்தான். "புளியங்கா அனுப்புறேன், டிப்போவ மோந்து பாக்கச் சொல்லு" என்று படகுத்துறை வைத்தியம் சொல்லும்.

அந்த அக்கறைக்குக் காரணம் இருந்தது. எங்கள் முதல் பிள்ளையைப் பறிகொடுத்திருந்தோம். அடைமழை, ரோடு உடைந்து கிடந்தது, டாக்டர் ரங்கத்தில். அப்போது டிப்போவில் டிஸ்பென்சரியே கிடையாது.

இந்தத் தடவை டிஸ்பென்சரி இருந்தது. அதில் தங்கம் சிஸ்டர் இருந்தார். நாகர்கோவில் பக்கத்துக்காரர், புருஷன் இல்லாதவர். பிரசவம் பார்ப்பதில் கெட்டிக்காரர், திட்டுவதில் அதைவிடக் கெட்டிக்காரர். வெள்ளைச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சேற்றில் நடந்து போவார். என்னைப் பார்த்தால், "பெறப்போறது அவளா, நீரா? உம்ம மூஞ்சி ஏன் இப்பிடி வெளுத்துக் கெடக்கு?" என்பார். அந்த ஏச்சு காதில் விழுந்தால்தான் பஞ்சவர்ணத்துக்கு அன்றைக்குச் சோறு இறங்கும்.

போக மட்டும் ஒரு சீட்

ஒருநாள் காலையில் ரங்கத் ஆபீஸ், லாஞ்ச் என்கிற மோட்டார் படகுக்குச் சீட் எழுதுகிற படகுத்துறையைக் கூப்பிட்டது. நான் எடுத்தேன். எல்லாரும் எடுத்தார்கள்.

"அடுத்த லாஞ்ச்ல டிப்போ சிஸ்டருக்கு போர்ட் பிளேர் ஒரு சீட் வை. போக மட்டும். பெட்டி படுக்கையோட."

"பதிலுக்கு வேற சிஸ்டர் வருதா?"

"வந்தா வரும்."

குரல் மெலிந்துகொண்டே போய், கடைசி வார்த்தை எறும்பு பேசியது போல் கேட்டது.

வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். பஞ்சவர்ணம் அரிசி களைந்துகொண்டிருந்தாள். தண்ணீருக்குள் கை நின்றுவிட்டது.

"எனக்கு இது எத்தனாவது மாசம்னு அவுகளுக்குத் தெரியுமில்ல?" என்றாள்.

அன்று சாயங்காலம் கம்பியில் நடந்ததை நான் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். தலைமை தாங்க ஆள் இல்லை, தீர்மானம் இல்லை. "செய்வோம்" என்று ஒருவர் கூடச் சொல்லவில்லை.

"ஏழாம் மைல். மேல யாருக்கோ சிஸ்டர் மேல கோவம். அதான் தூக்கி அடிக்கிறாங்க."

"யார் சொன்னா?"

"லைன்ல சொன்னாங்க."

"லைன்ல நீதானய்யா சொன்ன!"

சிரிப்பு. சிரிப்பு அடங்கியதும் அந்தப் பேச்சு உண்மையாகிவிட்டது.

"கேலா நாலா. லாஞ்ச் அன்னிக்கு எங்க ஆளுங்க எல்லாருக்கும் முதுகு வலி. பெட்டி தூக்க முடியாது."

"ஜெட்டி. படகுக்குப் பலகை போட ஆள் கிடைக்காது. எனக்கும் அன்னிக்கு முதுகு வலி."

"ஏழாம் மைல். இங்க லாரி டயர் பஞ்சர்."

"லாஞ்ச் வர இன்னும் நாள் கெடக்கேப்பா!"

"அன்னிக்குப் பஞ்சர் ஆகும்."

டிப்போவிலும் பெட்டி தூக்க ஆள் இல்லை என்று நானும் சொன்னேன். ஒவ்வொருவரும் தன்னால் முடியாததை மட்டும்தான் சொன்னோம். எல்லாரின் முடியாததும் சேர்ந்தபோது அந்தக் காட்டில் ஒரு தகரப் பெட்டியை நகர்த்தச் சக்தி இல்லாமல் போய்விட்டது.

திரும்பித் திரும்பி வந்த பெட்டி

சிஸ்டர் தன் பெட்டியை முன்கூட்டியே லாரியில் ஏற்றி அனுப்பினார். ஓட்டிப் போனது ஜோகேன். ரங்கத் பக்கம் நிலம் கிடைத்துக் குடியேறிய வங்காளிக் குடும்பத்துப் பிள்ளை. நல்ல மனுஷன். அந்தச் சாயங்காலம் அவன் லாரி சேற்றில் மாட்டிக்கிடந்ததால் கம்பிப் பேச்சு எதுவும் அவனுக்குத் தெரியாது.

கேலா நாலாவில் பெட்டியை "தப்பா" இறக்கிவிட்டார்கள். மறுநாள் அது டிஸ்பென்சரி வாசலுக்கு வந்து சேர்ந்தது, மேலே ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு. சிஸ்டர் மறுபடியும் அனுப்பினார். இந்தத் தடவை ஏழாம் மைல் வரை போய்த் திரும்பியது. மேலே தேக்கிலையில் பொட்டலம் கட்டிய கருவாடு.

"இந்தப் பெட்டிக்கு வழி தெரியலியா, உங்களுக்கெல்லாம் புத்தி தெரியலியா?" என்று என்னைக் கேட்டார். நான் டெலிபோனைத் துடைக்கப் போய்விட்டேன்.

லாஞ்ச் வரும் நாளன்று ஒரு லாரியும் வராததால் கைப்பையோடு நடந்தே கிளம்பிவிட்டார். ஏழாம் மைலில் யாரும் மறிக்கவில்லை. பெஞ்சில் உட்கார வைத்து டீ கொடுத்தார்கள். ஒரு பிள்ளைக்குக் காதுவலி என்றார்கள். பார்த்தார். இன்னொன்றுக்குச் சிரங்கு. கல் உடைக்கிற பெண் ஒருத்திக்கு நகச்சுற்று. அவருடைய வேலையையே அவர் முன்னால் வரிசையாக உட்கார வைத்துவிட்டார்கள். கடைசி ஆளுக்குக் கட்டுப் போட்டு முடிப்பதற்குள் பாராடாங் பக்கம் லாஞ்ச் ஊதிவிட்டுப் போய்விட்டது.

அன்று சாயங்காலம் கம்பியில் ஒரே கொண்டாட்டம். பஞ்சவர்ணம் ரொம்ப நாளைக்கப்புறம் இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டாள்.

ஆனால் ஜோகேனுக்கு டீ நின்றுவிட்டது.

பெட்டியை ஏற்றியவன் என்பதால் கேலா நாலா கடையில் "உனக்கு இல்ல" என்றார்கள். ஏழாம் மைலிலும் இல்லை. லாரி மாட்டினால் தள்ள ஆள் இல்லை. அவன் என்னிடம் வந்து வாசல்படியில் உட்கார்ந்தான்.

"அரே பாய், ஹம் கியா கியா? நான் என்ன செஞ்சேன்? டீ குடுக்காதன்னு சொன்னது யாரு? அந்த ஆளைக் காட்டு. கால்லயாவது விழுறேன், இல்ல ரெண்டு குடுக்கவாவது குடுக்குறேன்."

"யாரும் சொல்லல ஜோகேன்."

"யாரும் இல்லாதவன்கிட்ட நான் எப்படி பாய் மாஃபி கேக்குறது?"

பஞ்சவர்ணம் அவனுக்கு ஒரு பெரிய லோட்டாவில் டீ கொடுத்தாள். நான் சாயங்காலம் கம்பியில் சொல்லிப் பார்த்தேன். ஜோகேனுக்கு விஷயமே தெரியாது, விட்டுவிடுங்கள் என்றேன். "நாங்க நிறுத்தல, ஏழாம் மைல்தான்" என்றது கேலா நாலா. "கேலா நாலாவப் பாத்துத்தான் நாங்க" என்றது ஏழாம் மைல். தொடங்கியவன் இல்லாத காரியத்தை நிறுத்தவும் ஆள் கிடைக்கவில்லை. அது தானாகத் தேய்ந்து தேய்ந்து ஓய்ந்தது.

எல்லா முகாமின் மழை

இப்போது அந்த மத்தியானத்துக்கு வருகிறேன். அடுத்த லாஞ்ச்சில் போர்ட் பிளேரிலிருந்து வந்தவர்தான் அந்த அதிகாரி. சொட்டும் தொப்பி என் மேசைமேல் இருக்கிறது. பதில் கிடைக்காத கோபத்தில், "இந்தக் கம்பியையே அறுத்துப் போட்டுட்டுப் போறேன், அப்ப எப்படிப் பேசுறீங்கன்னு பாக்குறேன்" என்று முடித்திருந்தார். சிஸ்டர் கைப்பிடியைச் சுற்றி முடித்து ரிசீவரை எடுத்தார்.

"தங்கம் பேசுதேன்" என்றார்.

இடத்தைச் சொல்லாமல் பேரைச் சொன்ன முதல் ஆள் அவர்தான். இந்தியில் தொடங்கினார், நடுவில் தமிழில் விழுந்தார், மறுபடியும் இந்தியில் ஏறினார். அதிகாரிக்கும் விளங்கியது, எனக்கும் விளங்கியது.

"இந்த மாத்தலக் கேட்டதே நாந்தான். என்னைய ஒருத்தரும் தூக்கி அடிக்கல. ரொம்ப நாளாக் கெஞ்சிக் கெஞ்சி இப்பத்தான் கெடச்சுது. போர்ட் பிளேர்ல எனக்கொரு பிள்ளை இருக்கா, கனகா. இங்க பள்ளிக்கூடம் இல்லன்னு தங்கச்சி வீட்டுல விட்டிருக்கேன். போன தடவ போனப்ப, 'நீ எப்பவும் போயிருவேல்லா, இப்பமே போ'ன்னுட்டா."

ரிசீவரை மறு காதுக்கு மாற்றினார்.

"ஒங்க பிரியம் எனக்கு வெளங்காம இல்ல. பெட்டி மேல பழம் வச்சு அனுப்பினியளே, அதுவும் வெளங்குது. ஆனா இத்தன பேர்ல ஒருத்தராவது எங்கிட்ட வந்து, சிஸ்டர், ஒமக்கு என்ன வேணும்னு கேட்டியளா?"

அவர் ரிசீவரைக் காதிலிருந்து எடுத்துவிட்டார். அதில் மழை கேட்டது. எங்கள் தகரக் கூரையின் மழை ஒன்று. அதற்கு அடியில், கம்பிவழியாகச் சன்னமாக, எல்லா முகாமின் மழையும்.

அதிகாரி தொப்பியை எடுத்துக்கொண்டார். "இவங்க போகணும்ங்கிறாங்க. அவங்க போகக்கூடாதுங்கிறாங்க. ரெண்டுமே பிரியத்துல. இதுல நான் யாரைப் பிடிக்கிறது?" என்று முணுமுணுத்துவிட்டு இறங்கிப் போனார். கம்பி பிழைத்தது.

பஞ்சவர்ணம் வாசலில் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று நான் பார்க்கவில்லை.

"எங்கிட்ட முன்னாலயே சொல்லிருக்கலாமே சிஸ்டர்" என்றாள்.

"நான் எழுதிக் குடுக்கும்போது நீ முழுகாம இல்ல. ஆர்டர் வரும்போது இப்பிடி நிக்க. ஒன் வயித்தப் பாத்துக்கிட்டு எந்த வாயால சொல்லச் சொல்லுத?"

"போயிட்டு வாங்க. எனக்கென்ன, ஊருல எத்தன பேரு தானாப் பெத்துக்கலயா?"

பொய். கதவு நிலையைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப் போயிருந்தன. சிஸ்டரும் அந்த விரல்களைத்தான் பார்த்தார்.

"போவேன்னு சொன்னேன். இன்னைக்கே போவேன்னு சொன்னேனாட்டி? ஒன் பிள்ளைய ஒன் கையில குடுத்திட்டுத்தான் போவேன். அதுக்குப் பெறவு எவனாவது எம் பெட்டியத் திருப்பி அனுப்பினான்னா, ஊசி போடுத எடத்துல போடமாட்டேன், வேற எடத்துல போடுவேன்."

ரிசீவர் இன்னும் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. முழுக்கம்பியும் கேட்டிருக்கிறது. அதிலிருந்து நூல் போல ஒரு குரல் வந்தது.

"ஏழாம் மைல்... குஞ்ஞுமோன். தப்பாயிடுச்சு சிஸ்டர்."

"ஜெட்டி. அப்பாராவ். மன்னிக்கணும் அம்மா."

கேலா நாலாவிலிருந்து யாரோ தொண்டையைச் செருமினார்கள். பேர் சொல்ல வெட்கம் போலிருக்கிறது.

கேட்டுச் செய்த காரியம்

அன்றைக்குச் சாயங்காலம் யோசனை சொன்னது ஜோகேன். டீ மறுக்கப்பட்ட அதே ஏழாம் மைல் கடையிலிருந்துதான் பேசினான்.

"சிஸ்டர் அங்க போக முடியல. பொண்ணு இங்க வரலாமே? ஸ்கூல் சுட்டிதானே இப்ப?"

சுட்டி என்றால் விடுமுறை. உடனே கம்பி பற்றிக்கொண்டது. நான் கூட்டிவருகிறேன், நான் லாரி தருகிறேன், லாஞ்ச் சமையல்காரர் எனக்கு வேண்டியவர் என்று ஆளுக்கொரு பக்கம் ஏலம். "முதல்ல அந்தம்மாவக் கேளுங்கப்பா!" என்று யாரோ கத்தினார்கள். எந்த இடம் என்று சொல்லவில்லை.

கேட்கப் போனது நான். சிஸ்டர் கொதிக்கிற தண்ணீரில் ஊசிகளைப் போட்டுக்கொண்டிருந்தார். சொன்னேன். என் பக்கம் திரும்பவே இல்லை. கிடுக்கியால் ஊசிகளைக் கிண்டிக்கொண்டே இருந்தார்.

"வழியில பிள்ளைக்கு எளனி கிளனி குடுத்துராதிய" என்றார் கடைசியில். "அவளுக்குச் சளி பிடிக்கும்."

ரங்கத் வழியாகத் தங்கச்சிக்குத் தகவல் போனது. ஒரு லாஞ்ச்சில் அவர் கனகாவை ஏற்றிவிட்டார். பாராடாங் வரைக்கும் லாஞ்ச் சமையல்காரர். அங்கிருந்து எதிர்க்கரைக்கு, சந்தைக்குக் காய் கொண்டுவரும் ஒரு வங்காளி அம்மா. அப்புறம் ஜோகேன். யாரும் யாரையும் நியமிக்கவில்லை. ஒரு கை விட்ட இடத்தில் இன்னொரு கை இருந்தது.

அன்று காலையிலிருந்தே சிஸ்டர் என் டெலிபோன் அறையில்தான். "சும்மா வந்தேன்" என்றார். மணி அடிக்கும்போதெல்லாம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஜெட்டி. வந்துட்டா. இட்லி கேக்குறா. இங்க ஏது இட்லி? பூரி தின்னுட்டிருக்கா."

"ஏழாம் மைல். ஜோகேன் பக்கத்துல உக்காந்திருக்கா. ஹார்ன் அடிக்க விட்டுட்டான், காடே அலறுது."

"கேலா நாலா. தூங்கிட்டா. டீக்கடையில கூட யாரும் சத்தமாப் பேசல."

லாரி வந்து நின்றது. கனகாவுக்கு ஏழெட்டு வயசிருக்கும். ஒரு சடையில் ரிப்பன் இல்லை, கன்னத்தில் ஜோகேனின் துண்டு மடிப்பு பதிந்திருந்தது. அம்மாவைப் பார்த்தாள். ஓடி வரவில்லை. சிஸ்டரும் ஓடவில்லை.

"சாப்பிட்டியா?" என்றார்.

"ம்."

அப்போது நீட்டு மணி அடித்தது. வந்து சேர்ந்தாளா என்று கேட்கிறார்கள். "நீயே சொல்லும்மா" என்று அங்கே கிடந்த ஒரு காலி மரப்பெட்டியின் மேல் அவளை ஏற்றி நிறுத்தி ரிசீவரைக் கொடுத்தேன்.

"நான் வந்துட்டேன்" என்றாள். எல்லாரும் ஒரே நேரத்தில் ஏதோ சொன்னார்கள். அவள் அதைக் கேட்டு முடிக்கும்வரை பொறுத்திருந்தாள். அப்புறம், "எங்கம்மாவ எப்ப அனுப்புவீங்க?" என்றாள்.

எவ்வளவு பேச்சு பேசிய கம்பி! அதற்கு யாருக்கும் பதில் இல்லை.

மூலையில் உட்கார்ந்திருந்த பஞ்சவர்ணம் மெல்ல எழுந்துபோய் அவள் கையிலிருந்து ரிசீவரை வாங்கினாள். கம்பிக்கும் பிள்ளைக்கும் சேர்த்துத்தான் பதில் சொன்னாள்.

"இது வெளிய வந்ததும் அனுப்பிருவோம் கண்ணு. ஒங்கம்மா பெட்டிய நானே தூக்கி லாரியில வைப்பேன். வேற ஒருத்தரும் தொட மாட்டாக."

சிஸ்டர் அப்போதுதான் மகள் பக்கத்தில் போய், அவிழ்ந்து கிடந்த சடையைக் கையில் எடுத்தார். கனகா தலையை இழுத்துக்கொள்ளவில்லை.

மழை வெறித்த ஒரு காலையில் என் மகள் பிறந்தாள். சிஸ்டர் அவளைத் துணியில் சுற்றி, சொன்னபடியே முதலில் பஞ்சவர்ணத்தின் கையில் கொடுத்தார். எனக்குக் காட்டியது அப்புறம்தான். பஞ்சவர்ணம் எழுந்து நடமாடுகிற வரைக்கும் இருந்து பார்த்துவிட்டு, லாஞ்ச்சுக்குச் சொல்லச் சொன்னார். அதற்குள் வேறொரு சிஸ்டரும் வந்து சேர்ந்திருந்தார். அவரை யாரும் எதற்கும் தடுக்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

கிளம்புகிற அன்று டிப்போ வாசலில் ஜோகேனின் லாரி நின்றது. எல்லா முகாமிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். தூக்குவதற்கு அத்தனை தோள்கள். ஒருவரும் பெட்டியை நெருங்கவில்லை.

"பச்ச உடம்பு, வேணாம்" என்று நான் கத்தியதைப் பஞ்சவர்ணம் காதில் வாங்கவே இல்லை. பிள்ளையைக் கனகாவின் மடியில் வைத்துவிட்டு வந்து பெட்டியின் ஒரு வளையத்தைப் பிடித்தாள். சிஸ்டர் மறு வளையத்தைப் பிடித்தார்.

தூக்கும்போது சிஸ்டர் இன்னொரு கையைப் பெட்டியின் அடியில், பஞ்சவர்ணத்தின் பக்கமாக நீட்டிக் கொடுத்ததையும், பாரம் முழுவதையும் தன்மேல் வாங்கிக்கொண்டு பல்லைக் கடித்ததையும் நான் பார்த்தேன். சுற்றி நின்ற எல்லாரும் பார்த்தார்கள். அன்று சாயங்காலம் கம்பியில் அதைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை.

பெட்டியைத் தானே தூக்கி வைத்ததாகத்தான் பஞ்சவர்ணம் இன்று வரைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.